ஓமோன் அண்ணையின் ட்ரெயினிங்

போர் நடந்த காலத்தில் கொழும்பில் ஓடிய ஒரே தமிழன் எங்கள் ஓமோன் அண்ணைதான். இதை யாராவது மறுத்தால் நான் சண்டைக்கு வருவேன். மற்றவர்களும் ஓடினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. கனடாவுக்கு ஓடினார்கள், சுவிசுக்கு ஓடினார்கள், வழியில் பிடிபட்டுக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கே திரும்பியும் வந்தார்கள். ஆனால் அரைக் காற்சட்டை போட்டு, சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காக ஓடிய மனிதர் அவர் ஒருவர்தான்.

அந்தக் காலத்தை அறியாத பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். சமாதானம் என்று சொல்லி எல்லாரையும் கொஞ்சக் காலம் மூச்சு விட வைத்துவிட்டு, மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த நேரம். கொழும்பில் தமிழர் கூடியிருந்த வெள்ளவத்தையில் சந்திக்குச் சந்தி காவல். நாங்கள் எங்கேயும் நடந்துதான் போவோம். பஸ் வெளிக்கிட்டால் போகட்டும் என்று நிற்போம். மழை கொட்டினால் நனைவோம். நாய் துரத்தினால் நின்று கடி வாங்குவோம். நாய்க்கடிக்காவது ஆஸ்பத்திரியில் ஊசி இருந்தது. ஓடுகிற தமிழன் ஒன்றில் எதையோ வைத்துவிட்டு ஓடுகிறான், அல்லது யாரிடமிருந்தோ தப்பி ஓடுகிறான். மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்று காவலில் நின்ற யாருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் தோன்றவில்லை.

நான் அப்போது ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளார்க். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பெரிய மாடி வீட்டை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவிடம் தங்கியிருந்தேன். எல்லாருக்கும் அவர் அன்ரி. சமைத்துப் போடுவதும் அவரே, அதட்டுவதும் அவரே. மற்ற அறைகளில் விசாவுக்குக் காத்திருந்தவர்கள் காத்திருந்தபடியே மாறிக்கொண்டிருந்தார்கள். மாறாமல் இருந்தவர்கள் நானும் பக்கத்து அறை ஓமோன் அண்ணையும்தான்.

அவர் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் ரியூசன் கொடுத்தார். எங்கள் பாடப் புத்தகங்களில் ஹோர்மோன் கிடையாது, ஓமோன்தான். அவருக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். ஒருவன் காதலித்தால் ஓமோன், பரீட்சையில் கோட்டை விட்டால் ஓமோன், அமைச்சர் ஒருவர் ரேடியோவில் கத்தினால் அதுவும் ஓமோன். பிள்ளைகள் பட்டப்பெயரை வைத்தார்கள், அகப்பட்டுக்கொண்டது அன்ரி. முதல் கிழமையே ஒரு பொடியன் போன் எடுத்து, “ஓமோன் நிக்கிறாரோ?” என்று கேட்டிருக்கிறான்.

“ஓம், ஆர் வேணும்?”

“ஓமோன்.”

“ஓம் எண்டுதானே சொல்லுறன், ஆர் வேணும்?”

ஆம் என்கிற எங்கள் ‘ஓம்’ ஆகவே அது அன்ரிக்குக் கேட்டிருக்கிறது. இப்படியே போன் அட்டையில் காசு முடியும்வரை கதைத்துவிட்டு, ரியூசன் பிள்ளைகள் எல்லாம் மந்தமாக இருக்கிறார்கள் என்று அன்ரி என்னிடம் முறைப்பட்டார்.

ஊரில் பள்ளிக்கூடக் காலத்தில் ஓமோன் அண்ணை ஐயாயிரம் மீற்றர் ஓட்டத்தில் மாவட்டத்துக்கே முதல் ஆள். இப்போது வயது முப்பதைத் தாண்டியிருந்தாலும் ஒரே ஓர் ஆசை மிச்சமிருந்தது. நாட்டு அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வோட்டத்தில் ஒரு முறை ஓட வேண்டும். வெல்ல வேண்டும் என்றுகூட இல்லை. பெனியனில் குத்துகிற அந்த நம்பர் துண்டு வேண்டும். “தம்பி, நெஞ்சில நம்பர் இருந்தால் கொழும்பில ஓடுற தமிழனை ஒருத்தனும் மறிக்கமாட்டான்” என்பார். அந்த நம்பர் அவருக்கு அடையாள அட்டையைவிடப் பெரிய அட்டை.

முதலில் கடற்கரையில்தான் ஓடிப் பார்த்தார். ரயில் பாதையோரம் மண்ணில் நாலு எட்டு வைத்திருப்பார், விசில் ஊதிவிட்டது. தலையில் கையை வைத்து முழங்காலில் நிற்க வைத்தார்கள். ஒழுங்கை முகப்பில் மளிகைக் கடை வைத்திருந்த நானா, தலைமுறை தலைமுறையாகக் கொழும்பில் இருக்கும் முஸ்லிம் மனிதர், சரளமான சிங்களத்தோடு ஓடிப் போய் அவரைக் கூட்டிவந்தார். ஓடிப் போய் என்றா எழுதினேன்? நானாவும் நடந்துதான் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் மொட்டை மாடியே மைதானம். தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி, உடுப்புக் கொடிக்குக் கீழே குனிந்து, வளைந்து, திரும்பவும் தாங்கி. பின்னேரங்களில் என் தலைக்கு மேலே உலக்கை போடுகிற மாதிரி இருக்கும். கீழே அன்ரியின் குழம்புக்குள் சுண்ணாம்பு உதிரும். ஈரச் சீமெந்தில் வழுக்கி விழுந்து அவருடைய முழங்கால், முழங்கை எல்லாம் தேய்ந்து தழும்பாகிவிட்டன. இந்தத் தழும்புகளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா ஓட்டமில்லை. உயிரை விடுகிற மாதிரி ஒரு சுற்று, கொஞ்சம் மூச்சு, மறுபடியும் உயிரை விடுகிற மாதிரி ஒரு சுற்று. முடித்து இறங்கும்போது முகம் சுண்ணாம்பு பூசின சுவராய் இருக்கும். அன்ரி ஆவி பறக்கப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுத் தட்டை நீட்டுவார். மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இப்படிச் சில நாள் நடந்தவுடன் அன்ரிக்குச் சமையலைப் பழிக்கிறார் என்று கோபம் வந்துவிட்டது.

“அன்ரி, புட்டில பிழை இல்லை. கடுமையா ஓடினால் பசி குடுக்கிற ஓமோன், கிரெலின் எண்டு, அது கீழ போயிடும். கோட்டிசோல் எண்டு இன்னொண்டு மேல ஏறிடும். கொஞ்சம் பொறுங்கோ, கோட்டிசோல் இறங்க கிரெலின் வரும்.”

அன்ரிக்கு இதிலிருந்து விளங்கியது வேறு. கிரெலின் கொட்டாஞ்சேனைப் பக்கத்து வேதக்காரப் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகிறவள். கோட்டிசோல் அந்தப் பிள்ளையின் தமையனோ எவனோ, குழப்பிக்கொண்டு நிற்கிறான். பிள்ளை வராத துக்கத்தில் இவர் சாப்பிடாமல் கிடக்கிறார். நல்ல பொடியன், வேதமென்றால் என்ன சைவமென்றால் என்ன, கட்டி வைப்போம் என்று என்னைத் தனியே கூப்பிட்டுத் தூது போகச் சொன்னார். நான் சிரித்து முடித்து விளக்கம் சொல்வதற்குள், ஓமோன் அண்ணைக்குப் பசி வந்து மூன்று பேரின் புட்டை முடித்திருந்தார்.

அன்றிலிருந்து அவருடைய தட்டை இன்னொரு தட்டால் மூடி ஜன்னல் ஓரத்தில் வைப்பது அந்த வீட்டு வழக்கமாயிற்று. “கோட்டிசோல் இறங்கட்டும்” என்பது வீட்டு வாக்கியமும் ஆயிற்று. சுற்றிவளைப்பு முடிந்து ஆமிக்காரர்கள் ஒழுங்கையை விட்டுப் போனால், அன்ரி கதிரையில் பொத்தென்று விழுந்து, கோட்டிசோல் இறங்கினபிறகுதான் தேத்தண்ணி என்பார். எங்கோ குண்டு வெடித்த நாளில் எங்கள் ஒருவருக்கும் சோறு இறங்காது. விசாவுக்குக் காத்திருந்த ஒரு பொடியனுக்கு நேர்மாறு, பயம் பிடித்தால் மாரி பிஸ்கட் பக்கற் பக்கற்றாகப் போகும். நாங்கள் அவனை நக்கலடித்தோம். ஓமோன் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

“எல்லாம் ஒரே கோட்டிசோல்தான். எனக்கு ஓடி ஏறுது, உங்களுக்கு இருந்தபடியே ஏறுது. எனக்கு நிண்டவுடன இறங்கும். உங்களுக்கு நிக்க இடமில்லை.”

இவ்வளவு தெரிந்த மனிதருக்கு ஒரு விஷயம் மட்டும் ஏறவில்லை. தான் செய்வதை அவர் ட்ரெயினிங் என்று சொன்னார்.

ஐயோ, அந்தச் சொல்! அந்த நாட்களில் தமிழரிடையே ட்ரெயினிங் எடுத்தவர் என்றால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். காட்டுக்குள் போய் இயக்கத்திடம் துவக்குப் பிடிக்க, சுடப் பழகியவர். பொலிசில் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான். வங்கிக்காரர்கள் கூடத் தங்கள் ட்ரெயினிங்கை ‘வகுப்பு’ என்று சொல்லிக்கொண்டார்கள். எக்சர்சைஸ் என்று சொல்லுங்கோ ராசா என்று அன்ரி கெஞ்சினார். நானாவும் கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, ஒங்கட ஆளுக்குக் கொஞ்சம் சொல்லுங்கோ. அந்தச் சொல்ல வாயில எடுக்க வாணாம்” என்றார். நான் போய்ச் சொன்னேன். மனிதருக்கு வந்ததே கோபம்.

“எக்சர்சைஸ் எண்டது வண்டி வயிறு குறைக்கச் செய்யிறது. நான் செய்யிறது ட்ரெயினிங். இருபது வருசமா செய்யிறன். அதுக்கு வேற பேர் இல்லை.”

பிறகு ஒருநாள் பஸ்ஸில் சனநெரிசலுக்குள் நின்றுகொண்டு, முன்பக்கம் நின்ற என்னைப் பார்த்து, இன்றைக்கு ட்ரெயினிங் இல்லை, நாளைக்குத்தான் கடும் ட்ரெயினிங் என்று வகுப்பில் படிப்பிக்கிற குரலில் அறிவித்தார். பஸ் முழுவதும் மூச்சு நின்றது. ஒரு கிழவி பையை மடியில் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். நான் அவரை இதற்கு முன் கண்டதே இல்லாத முகத்தோடு அடுத்த தரிப்பில் இறங்கிவிட்டேன்.

தேர்வோட்டத்துக்கு அவர் பெயர் கொடுத்தார். பெயரைச் சேர்த்தும் விட்டார்கள். நம்பர் அடுத்த கிழமை தருவார்கள் என்று சொன்னதும் மனிதர் அன்ரிக்கு ஐஸ்கிறீம் வாங்கி வந்தார். பெனியனில் எந்த இடத்தில் ஊசி குத்துவது என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தார். அந்தக் கிழமைதான் சுற்றிவளைப்பு வந்தது.

காலைநேரம். ஒழுங்கையின் இரண்டு முனையும் அடைபட்டிருந்தது. எங்கள் எல்லாரையும் அடையாள அட்டையோடு முற்றத்தில் நிறுத்தினார்கள். நானாவையும் மொழிபெயர்க்கக் கூட்டிவந்திருந்தார்கள். கடைசியாக ஓமோன் அண்ணை மொட்டை மாடியிலிருந்து இறங்கினார். வேர்வை ஒழுக, நெஞ்சு அடிக்க, முகத்தில் இரத்தமே இல்லாமல், அரைக் காற்சட்டையோடு. பொறுப்பதிகாரி அவருடைய கெண்டைக்காலைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். முழங்கையைத் திருப்பிப் பார்த்தார். தவழ்ந்து பழகியவர்களுக்கு அங்கேதான் தழும்பு இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

“நீ ட்ரெயினிங் எடுத்ததா?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

எக்சர்சைஸ் சேர், எக்சர்சைஸ் என்று அன்ரி இடையில் விழுந்தார். நானா அதையே சிங்களத்தில் சொன்னார். அதிகாரி இரண்டு பேரையும் கை காட்டி நிறுத்தினார். நான் மனதுக்குள் எல்லாக் கோயிலுக்கும் நேர்ந்துகொண்டிருந்தேன். ஒரு சொல், அண்ணை. ஒரேயொரு சொல்லை மாற்றிச் சொல்லுங்கள்.

“ஓம். ட்ரெயினிங்தான்.”

“எவ்வளவு காலம்?”

“பள்ளிக்கூடத்தில இருந்து.”

“யார் குடுத்தது?”

“ஒருத்தரும் இல்லை. நானாத்தான்.”

பக்கத்தில் நின்ற கடைக்கார நானா வெலவெலத்துப் போனார். அதிகாரி அவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, நல்ல காலம், விட்டுவிட்டார். பிறகு கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

“நம்பர் இருக்கா?”

இயக்கத்தில் ஆளுக்கொரு நம்பர் கொடுப்பார்கள் என்பது முற்றத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும். ஓமோன் அண்ணைக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவருக்கு உலகத்தில் ஒரேயொரு நம்பர்தான் இருந்தது.

“இன்னும் தரேல்லை. அடுத்த கிழமை தருவினம்.”

இதை இப்போது சொன்னால் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நானும் அவர்கள் சிரிக்கிற மாதிரித்தான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அவரை ஜீப்பில் ஏற்றும்போது, சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருக்கிறது, கட்டிவிட்டு வருகிறேன் என்று குனிந்தவரின் முதுகில் துவக்குப் பிடியால் ஒரு இடி விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த இடியிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் கோட்டிசோல் இறங்கவில்லை. முதலில் பொலிஸ் நிலையம் என்றார்கள், பிறகு அங்கே இல்லை என்றார்கள், பிறகு தடுப்பு முகாம் என்றார்கள். இடியப்பப் பார்சலைத் தூக்கிக்கொண்டு அன்ரி வாசல் வாசலாக நின்றார். பார்சலை உள்ளே எடுக்கவில்லை. தேர்வோட்டம் நடந்து முடிந்தது. பின்னேரமானால் மொட்டை மாடியில் காகம் நடக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்கும். அன்ரி தினமும் ஒரு தட்டில் சோறு போட்டு, இன்னொரு தட்டால் மூடி, ஜன்னல் ஓரத்தில் வைப்பார். அடுத்த நாள் காலையில் நாய்க்குக் கொட்டுவார். விசர் வேலை பார்க்கிறீர்கள் என்று நான் ஒரு முறை சொன்னபோது, வாயை மூடடா என்றார். எனக்கு அவர் எடா போட்டது அந்த ஒரு தடவைதான்.

ஓமோன் அண்ணையின் பழைய மெடல்களைச் சொப்பின் பையில் போட்டு அன்ரியும், கறுப்புக் கோட்டோடு ஒரு சட்டத்தரணியும், சிங்களத்தோடு நானாவும் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார்கள். பல மாதத்துக்குப் பிறகு, இவர் உண்மையாகவே ஓட்டக்காரர்தான் என்று நீதிபதி ஏற்று விடுதலை செய்தார்.

விடுதலையானது பாதி ஆள். தான் ஓட்டக்காரன் என்று அவர் உள்ளேயும் சொல்லியிருக்கிறார். சொன்னதால்தான் உள்ளங்காலில் அடித்தார்கள். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. படியேறும்போது பாதத்தை ஊன்றாமல் ஓரத்தால் ஏறியதைப் பார்த்து நாங்களே தெரிந்துகொண்டோம்.

சாப்பாடு உள்ளே போகவில்லை. பிடிவாதமும் இல்லை, கோபமும் இல்லை. தட்டைப் பார்ப்பார், எழும்பிப் போவார். அன்ரி ஒருநாள், “இன்னும் கோட்டிசோல் இறங்கேல்லையோ ராசா?” என்று கேட்டார்.

“இல்லை அன்ரி. நான் இஞ்சதான் இருக்கிறன். உடம்புக்கு இன்னும் தெரியாது. அது ஓடிக்கொண்டுதான் இருக்கு.”

அன்ரி குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார். அழுகிறது கேட்கக்கூடாது என்பதற்காக.

கொஞ்ச நாள் போக, நடந்தாலாவது பசி வரும் என்று நான் அவரைக் கடற்கரை வீதிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மெல்ல மெல்லத்தான். காவலில் ஒரு சின்னப் பொடியன், மீசைகூடச் சரியாக முளைக்காத ஆமிக்காரன், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். எங்களை மறிக்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பார்த்தான். ஓமோன் அண்ணை அந்த இடத்திலேயே நின்று, இரண்டு கையையும் பாதி உயர்த்திக்கொண்டு, சிரிக்கப் பார்த்தார்.

“எக்சர்சைஸ், மாத்தயா. எக்சர்சைஸ் விதரய்.”

எக்சர்சைஸ் மட்டும்தான் ஐயா என்று சொல்கிறார். அந்தப் பொடியனுக்கே வெட்கமாகிவிட்டது. போங்கோ போங்கோ என்று தேத்தண்ணிக் கோப்பையாலேயே வழி காட்டினான். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்படி நானும் அன்ரியும் நானாவும் எத்தனை நாள் அவரிடம் கெஞ்சியிருப்போம்! அவர் வாயால் அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சைப் பிடுங்கியெடுத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் முன்கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். அன்ரி சட்டியோடு நின்று, என்ன செய்கிறான் இவன் என்று பார்த்தார். ஓமோன் அண்ணை மேசையில் இருந்தார். மூடின தட்டு அவருக்கு முன்னால் இருந்தது.

“அண்ணை, இண்டைக்கு ட்ரெயினிங் எப்பிடி?”

அந்த வீட்டுக்குள் நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தரம். அன்ரி வாயைத் திறந்தார், ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை. ஓமோன் அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். வந்த நாளிலிருந்து அவர் யாரையும் அப்படி நேராகப் பார்க்கவில்லை.

“பரவாயில்லை” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வலது கால் இன்னும் சரி வரேல்லை. நாளைக்குக் கொஞ்சம் தூரம் கூட்டிப் பார்ப்பம்” என்றார்.

பிறகு மேல் தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். புட்டு நன்றாக ஆறியிருந்தது. ஒரு பிடி வைத்தார், இன்னொரு பிடி வைத்தார். கோட்டிசோல் இறங்கிவிட்டதோ என்று அன்ரி கேட்டபோது, வாய் நிறையச் சாப்பாட்டோடு ஓம் என்று தலையாட்டினார்.

அவர் பிறகு ஓடவில்லை. அந்தக் கால்கள் அதற்கு விடவில்லை. அடுத்த வருடம் தமக்கையிடம் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். நான் இங்கேயேதான் இருக்கிறேன். சீனி வியாதிக்கு நடக்கச் சொல்லி டொக்டர் கட்டளை. அதே கடற்கரை வீதியில் காலையில் வண்டி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். தெரிந்தவர்கள் கண்டால், என்ன ஐயா, எக்சர்சைஸோ என்று கேட்கிறார்கள். இல்லை, ட்ரெயினிங் என்கிறேன். என் வண்டியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தச் சொல் ஓமோன் அண்ணையுடையது, அவர் வரும்வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன்.